பூட்டிக் கிடந்த பழைய வீட்டில் கை வைப்பவர்களுக்கு: ஒரு முழுமையான வழிகாட்டி

பின்கட்டுக் குழாயில் சொட்டு நிற்கவில்லை என்று வாஷர் மாற்றப் போனேன். காலை ஒன்பது மணி. ஸ்பேனரை வைத்துத் திருப்பினால் குழாய் திரும்பவில்லை, சுவருக்குள் இருந்த ஜிஐ இரும்புப் பைப் திரும்பியது. நறுக்கென்று ஒரு சத்தம். அடுத்த நொடி சுவரே அழுவதுபோல் தண்ணீர். மெயின் வால்வை மூட ஓடினேன். வால்வின் கைப்பிடி என் கையோடு வந்துவிட்டது. மாடிக்கு ஓடித் தொட்டியின் வாயில் துணியைச் சுருட்டி அடைத்துவிட்டு இறங்கி வருவதற்குள் கூடம் வரை வெள்ளம். சாயங்காலம் ஆறு மணிக்குச் சுவரில் இரண்டடி நீளப் பள்ளம், நாலு சட்டி உதிர்ந்த காரை, தெருவில் பாதிப் பேரின் ஆலோசனை. வாஷர் மட்டும் புத்தம்புதிதாக என் சட்டைப்பையில் இருந்தது.

குத்தாலத்துக்குப் பக்கத்தில் அப்பாயி வாழ்ந்த வீடு அது. திண்ணை, ரேழி, முற்றம், கூடம், இரண்டாம் கட்டு, கொல்லை என்று நீளமாக ஓடும் வீடு. முன்பாதி மட்டமான மச்சுத் தளம், பின்பாதி ஓட்டுக் கூரை. ஒன்பது வருடம் பூட்டிக் கிடந்தது. காவிரிக் கரையோர ஊர்களில் தெருவுக்கு நாலு வீடாவது இப்படிப் பூட்டிக் கிடக்கும். அதில் ஒன்றை நீங்கள் திறந்திருந்தால், நாலு வருடமாக நான் அடிபட்டுக் கற்றதை வரிசையாகச் சொல்கிறேன். எல்லாவற்றையும் நீங்களே செய்துவிடலாம் என்று சொல்ல மாட்டேன். எதை நீங்கள் செய்யலாம், எதைத் தொடக் கூடாது, எதை எப்போது செய்யலாம் என்று தெரிந்துகொண்டாலே பாதிக் கடுப்பு குறையும்.

முதலில் ஒரு மழைக்காலம் சும்மா இருங்கள்

சாவி கைக்கு வந்ததும் பெயிண்ட் கடைக்குப் போகத் தோன்றும். நானும் போனேன். சித்திரையில் கூடத்துக்கு எமல்ஷன் அடித்தேன், பளபளவென்று இருந்தது. ஐப்பசியில் அது அப்பளம்போல் பொரிந்து, கார்த்திகையில் தாள் தாளாக உரிந்தது.

மழையில் வீட்டைப் பார்க்காமல் எந்த வேலையும் தொடங்காதீர்கள். வடகிழக்குப் பருவமழை அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை. அந்த மூன்று மாதமும் வீடு தன் வியாதியைத் தானே சொல்லும். ஒரு நோட்டு, ஒரு டார்ச், ஒரு சாக்பீஸ் போதும். மழை பெய்யும்போதே ஒவ்வொரு அறையாகப் போய், ஈரம் எதுவரை ஏறியிருக்கிறது என்று சுவரில் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். எந்த மூலையில் எப்போது சொட்ட ஆரம்பிக்கிறது, மழை நின்று எவ்வளவு நேரம் கழித்து நிற்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். மழை தொடங்கிய உடனே சொட்டினால் பெரும்பாலும் ஓட்டை நேர் மேலே. இரண்டு மணி நேரம் கழித்துச் சொட்டினால் தண்ணீர் எங்கோ நுழைந்து, தளத்துக்குள் நடந்து வந்து, இங்கே எட்டிப்பார்க்கிறது.

இன்னொரு ஈரம் மழையில் வராது. மேட்டூரிலிருந்து வழக்கமாக ஜூன் 12ஆம் தேதி தண்ணீர் திறப்பார்கள். அது நம் பக்கத்து வாய்க்காலுக்கு வந்து சில வாரங்களில் கொல்லைக் கிணற்றில் நீர் மேலேறும். அதே சமயம் ஒரு சொட்டு மழை இல்லாமலே சுவரின் அடிப்பகுதி கறுக்கத் தொடங்கினால், அது தரையிலிருந்து ஏறும் ஈரம். மாடியில் எவ்வளவு தார் பூசினாலும் அது போகாது. இந்த இரண்டையும் பிரித்துத் தெரிந்துகொள்ளாமல் செலவழிக்கும் பணம் காவிரியில் போட்டதுதான், உண்டியலில் போட்ட புண்ணியம்கூடக் கிடைக்காது.

உயிருக்கு ஆபத்தானதை முதலில் பிரித்தெடுங்கள்

சும்மா இருக்கும் காலத்திலும் மூன்றை மட்டும் தள்ளிப்போடக் கூடாது.

ஒன்று, மின்சாரம். மரச் சட்டத்தில் கிளிப் அடித்து ஓட்டிய பழைய வயரிங் இருந்தால், அதன் ரப்பர் உறை தொட்டால் உதிரும் நிலைக்கு வந்திருக்கும். மிச்சத்தை எலி பார்த்துக்கொண்டிருக்கும். இதை ஒட்டுப்போட்டுச் சரிசெய்ய முயலாதீர்கள். லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியனை வைத்து மொத்தமாக மாற்றுங்கள். விளக்குக்கு 1.5 சதுர மில்லிமீட்டர், சாதாரண பிளக்குக்கு 2.5, ஏசிக்கு 4 என்று செம்பு வயர் போடுவது இப்போது வழக்கம். பழைய வீடுகளில் பெரும்பாலும் எர்த் இருக்காது, அல்லது பெயருக்கு ஒரு கம்பி எங்கோ போய் முடிந்திருக்கும். கொல்லையில் புதிதாக எர்த் போடச் சொல்லுங்கள். மெயினுக்குப் பக்கத்தில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி, அதாவது கரண்ட் கசிந்தால் தானே இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச், ஒன்று கட்டாயம். ஈரச் சுவரில் கை வைத்தால் சுருக்கென்று அடிக்கும் வீட்டில் உயிரைக் காப்பது அதுதான். நீங்கள் செய்ய வேண்டியது பல்பு ஹோல்டர் மாற்றுவது வரைதான். அதற்கும் டெஸ்டரை முதலில் கரண்ட் இருக்கும் ஒரு பாயிண்டில் வைத்து எரிகிறதா என்று பார்த்துவிட்டு, மெயினை இறக்கி, வேலை செய்யும் இடத்தில் அது எரியவில்லை என்று பார்த்த பிறகு கை வையுங்கள். செத்த டெஸ்டரை நம்பிக் கை வைத்தவர்களில் நானும் ஒருவன்.

இரண்டு, உத்திரம். மச்சைத் தாங்கும் தேக்கு உத்திரம் நடுவில் இரும்புபோல் இருக்கும். அழுகுவது சுவருக்குள் நுழையும் முனையில், ஏனென்றால் அங்கேதான் ஈரம். ஸ்குரூ டிரைவரால் முனையைக் குத்திப் பாருங்கள். நகக்கண் அளவு இறங்கினால் கவலையில்லை. வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்கினால் அன்றைக்கே அடியில் முட்டுக் கொடுத்துவிட்டு, அனுபவமுள்ள ஆசாரியையோ இஞ்சினியரையோ கூப்பிடுங்கள். அந்த அறையில் யாரும் படுக்க வேண்டாம். கரையான் இருக்கிறதா என்று பார்க்கக் கட்டையைச் சுத்தியலால் தட்டினாலே போதும், நல்ல கட்டை ‘டங்’ என்னும், தின்றுபோனது ‘பொத்’ என்னும். சுவரில் விரல் தடிமனில் மண் கோடு ஏறியிருந்தால் அதைத் துடைத்து ஏமாறாதீர்கள். அது எங்கிருந்து கிளம்புகிறது என்று தரை வரை பின்தொடருங்கள்.

மூன்று, தண்ணீர்த் தொட்டி. ஆயிரம் லிட்டர் தொட்டி நிரம்பினால் ஒரு டன். அதைக் கட்டைத் தளத்தின் நடுவில் வைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கும் வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். எங்கள் வீடும் அதில் ஒன்று. கொல்லையில் தனியாக ஒரு ஸ்டாண்டு அடித்து முதல் வேலையாக அதை இறக்கினோம்.

வீடு எதனால் ஆனது என்று தெரிந்துகொள்ளுங்கள்

இதைத் தாண்டிப் போக விடமாட்டேன், என் தவறுகளில் முக்கால்வாசி இங்கேதான் நடந்தன.

நம் பக்கத்துப் பழைய வீடுகள் செங்கல்லும் சுண்ணாம்பும் மரமும் சேர்ந்தவை. அடியில் ஈரம் தடுக்கும் அடுக்கு எதுவும் கிடையாது. மண்ணின் ஈரம் செங்கல் வழியாக ஏறும், சுண்ணாம்புப் பூச்சின் நுண்துளை வழியாக வெளியேறிக் காற்றில் காயும். ஏறுவதும் காய்வதும் சமமாக இருக்கும்வரை சுவர் நூறு வருடம் நிற்கும். நாம் வந்து சுவரின் அடிப்பகுதி உதிர்கிறதே என்று மூன்றடி உயரத்துக்குச் சிமெண்ட் பூசுகிறோம். வெளியேற வழியில்லாத ஈரம் சிமெண்டைத் தாண்டி மேலே ஏறுகிறது. மூன்றடியில் இருந்த உப்புப் பூப்பு அடுத்த வருடம் ஐந்தடியில் பூக்கிறது. நாமும் ஐந்தடிக்குச் சிமெண்ட் பூசுகிறோம். இப்படி ஏணி ஏறுவதுபோல் சிமெண்டும் ஈரமும் மாறி மாறி ஏறி உத்திரத்தின் முனையைத் தொட்ட வீடுகள் உண்டு.

பக்கத்துத் தெருவில் எழுபது வயது தாண்டிய கொத்தனார் ஒருவர் இருக்கிறார். என் சிமெண்ட் வேலையைக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “தம்பி, வேர்க்குற மனுசனுக்கு ரெயின்கோட்டு மாட்டி விட்டுருக்கீங்க” என்றார். அன்றோடு கூடத்தில் சிமெண்டை நிறுத்தினேன்.

சுண்ணாம்புக் கலவை ஒன்றும் மந்திரமில்லை. கிளிஞ்சல் சுண்ணாம்போ கல் சுண்ணாம்போ வாங்கித் தொட்டியில் நீற்ற வேண்டும். தண்ணீர் ஊற்றியதும் கொதிக்கும், பக்கத்தில் குழந்தைகளை விடாதீர்கள், கண்ணாடியும் கையுறையும் போடாமல் நீங்களும் போகாதீர்கள். கண்ணில் தெறித்தால் நல்ல தண்ணீரால் நிறுத்தாமல் கழுவிக்கொண்டே டாக்டரிடம் போக வேண்டும். நீற்றியது சில வாரம் தண்ணீருக்கடியில் ஊறினால் வெண்ணெய்போல் வரும். ஒரு பங்கு சுண்ணாம்புக்கு இரண்டரை முதல் மூன்று பங்கு சலித்த மணல். ஆற்று மணல் கிடைக்காத ஊரில் பூச்சுக்கென்று கல்லை உடைத்துச் செய்து விற்கும் பி-சாண்ட் மணல் வாங்கலாம். கடற்கரைப் பக்கத்து உப்பு மணல் சும்மா கிடைத்தாலும் வேண்டாம். ஈரமான இடமென்றால் மணலில் ஒரு பகுதிக்குப் பதில் நன்றாக வெந்த செங்கல்லை இடித்துச் சலித்த தூளைச் சேருங்கள். காற்றுப்படாத ஈரத்திலும் அது இறுகும். கடுக்காயை ஊறவைத்த தண்ணீரும் வெல்லக் கரைசலும் சேர்ப்பது பழைய வழக்கம். பெரியவர் சேர்ப்பார். வெல்லம் சேர்த்த முதல் நாள் ராத்திரி எறும்பு வந்து பூச்சையே ஊர்வலம் போனது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

பூசும் முறை இது. உதிர்ந்த பகுதியைச் செங்கல் தெரியும்வரை, கெட்டியான இடம் வரும்வரை கொத்தி எடுங்கள். நார் பிரஷ்ஷால் உப்பைத் தேய்த்து எடுங்கள், தண்ணீரால் கழுவாதீர்கள், கழுவினால் உப்பு கரைந்து உள்ளே போகும். சில நாள் ஆறவிட்டு மறுபடி தேய்க்கலாம். பூசுவதற்குச் சற்று முன் மட்டும் இலேசாக ஈரப்படுத்துங்கள். ஒரு பூச்சு அரை அங்குலத்துக்கு மேல் வேண்டாம். முதல் பூச்சு இறுக ஒரு வாரமாவது விட்டு அடுத்தது. வெயில் நேரே அடித்தால் ஈரச் சாக்கைத் தொங்கவிடுங்கள். சுண்ணாம்பு காய்ந்து இறுகுவதில்லை, காற்றிலிருக்கும் கரியமில வாயுவை மெல்ல உறிஞ்சி இறுகுகிறது. அதற்கு ஈரமும் அவகாசமும் வேண்டும். சிமெண்ட் பழகிய கைக்கு இந்தக் காத்திருப்புத்தான் பெரிய தண்டனை. சுவரை மூன்றாம் நாள் நகத்தால் கீறிப் பார்த்துவிட்டு, “ஏங்க, இது எப்பங்க இறுகும்?” என்று வீட்டில் கேட்டார்கள். நானும் பெரியவரிடம் அதையேதான் கேட்டேன். “பொங்கலுக்குள்ள” என்றார். எந்தப் பொங்கல் என்று சொல்லவில்லை.

தெரு உயர்ந்துவிட்டதா என்று பாருங்கள்

சுவரின் அடி ஈரத்துக்குப் பூச்சு மட்டும் மருந்தாகாது. தெருவில் நின்று வீட்டைப் பாருங்கள். பழைய போட்டோவில் எங்கள் திண்ணைக்கு ஐந்து படி. இப்போது இரண்டு. படி எங்கும் போகவில்லை, பழையதைச் சுரண்டாமல் மேலே மேலே போட்ட தார் ரோடு அதை விழுங்கிவிட்டது. மழைத்தண்ணீர் இப்போது வீட்டை நோக்கி வருகிறது.

ரோட்டை நாம் இறக்க முடியாது. சுவரோரம் இரண்டடி அகலத்துக்கு மண்ணைத் தோண்டி, பழைய தரைமட்டத்துக்குக் கீழே கொண்டுபோய், வெளிப்பக்கமாகச் சாய்வு வைக்கலாம். ஒரேயடியாக ஆழமாகத் தோண்டாதீர்கள். அஸ்திவாரத்தின் அடி தெரியக் கூடாது. கொல்லைப் பக்கம் சுவரை ஒட்டிப் போட்ட சிமெண்ட் தளமும் வில்லன்தான், மண்ணின் ஈரம் வேறு வழியில்லாமல் சுவருக்குள் ஏறும். சுவரோரம் ஓரடிக்கு அதை வெட்டி எடுத்துச் சரளை போட்டேன். துணி துவைக்கும் கல், பாத்திரம் தேய்க்கும் இடம், வாழைப்பாத்தி எல்லாம் சுவரைவிட்டு நகர வேண்டும். இதற்குக் கொத்தனாரே வேண்டாம், மண்வெட்டியும் நாலு சனி ஞாயிறும் போதும். எனக்கு அதிகப் பலன் கொடுத்த வேலை இதுதான், போட்டோ எடுத்துக் காட்டவோ ஒன்றுமே இருக்காது.

மச்சில் ஒழுகலைப் பிடிக்க: பாத்தி கட்டுங்கள்

மெட்ராஸ் டெரஸ் என்று இஞ்சினியர்கள் சொல்லும் தளம்: உத்திரம், அதன்மேல் கட்டைகள், கட்டைகளின்மேல் நிறுத்தி அடுக்கிய சின்னச் செங்கல், அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து அடித்து இறுக்கிய காரை, கடைசியாகத் தட்டோடு. தண்ணீர் தட்டோட்டின் இடுக்கில் நுழைந்து காரைக்குள் பத்தடி தள்ளிப்போய் ஒரு கட்டை ஓரமாக இறங்கும். கீழே சொட்டும் இடத்துக்கு நேர் மேலே தேடினால் ஆயுசுக்கும் தேடலாம்.

வயல் வேலை தெரிந்த ஊருக்கு ஏற்ற வழி ஒன்று உண்டு. கோடையில், களிமண்ணால் மாடியில் நாலடிக்கு நாலடி பாத்தி கட்டுங்கள். ஒரு அங்குலம் தண்ணீர் நிறுத்த மூன்று குடம் போதும். ஒரு நாள் விட்டுக் கீழே பாருங்கள். சொட்டு இல்லையென்றால் அடுத்த பாத்தி. முதலில் மழைத்தண்ணீர் வெளியேறும் தூம்பைச் சுற்றி, பிறகு கைப்பிடிச் சுவர் தளத்தோடு சேரும் மூலை, கடைசியில்தான் நடுத்தளம். எங்கள் வீட்டில் ஒழுகல் முழுக்கத் தூம்புக்குப் பக்கத்தில் ஒன்றரை அடிக்குள் இருந்தது. அதற்கு முன் மொத்த மாடிக்கும் ஏதோ ஒரு வெள்ளை ரசாயனம் பூச ஒரு வாரமும் ஒரு மாதச் சம்பளமும் போயிருந்தன.

இடம் தெரிந்தால் வேலை சுளுவு. தட்டோட்டின் இடுக்குகளைப் பழைய ஹாக்ஸா பிளேடால் அரை அங்குல ஆழத்துக்குச் சுரண்டி, தூசி போக ஊதி, இலேசாக நனைத்து, சுண்ணாம்பும் செங்கல் தூளும் கலந்த கலவையைக் குச்சியால் திணியுங்கள். உடைந்த ஓட்டை மாற்றுங்கள். தண்ணீர் தூம்பை நோக்கி ஓடுகிறதா என்று ஒரு குடம் ஊற்றிப் பாருங்கள், குட்டை கட்டி நின்றால் அடுத்த வருடம் அங்கேதான் ஒழுகும்.

“மேலே ரெண்டு இஞ்ச் காங்கிரீட் போட்டுட்டா பிரச்சினை தீர்ந்துச்சு” என்று யாராவது கட்டாயம் சொல்வார்கள். 100 சதுர அடியில் ஒரு அங்குலம் காங்கிரீட் போட்டாலே அரை டன்னுக்கு மேல் எடை. இரண்டு அங்குலம் என்றால் கணக்கை நீங்களே போடுங்கள், பிறகு கீழே போய் உத்திரத்தின் முனையை மறுபடி குத்திப் பாருங்கள்.

மாடியில் இருக்கும்போதே அரசங்கன்றையும் பார்த்துவிடுங்கள். பறவை எச்சத்தில் வந்து கைப்பிடிச் சுவரில் முளைத்திருக்கும். பிடுங்கினால் இலை கையோடு வரும், வேர் உள்ளேயே இருந்து இரண்டு மடங்காகத் துளிர்க்கும். முழுப்பலத்தோடு இழுத்தால் நாலு செங்கல்லும் சேர்ந்து வரும். வேர் போகும் இடுக்கின் காரையை உளியால் எடுத்து, வேரின் நுனிவரை தேடி முழுசாக எடுத்து, அன்றே சுண்ணாம்புக் கலவையால் அடையுங்கள். கட்டைவிரலைவிடத் தடித்த வேர் என்றால் சுவரைக் கொஞ்சம் பிரித்துக் கட்ட வேண்டியிருக்கும், கொத்தனாரைக் கூப்பிடுங்கள். அரசமரத்தை வெட்டினால் பாவம் என்று அத்தை சொன்னார்கள். வேரோடு எடுத்த கன்றை வாய்க்கால் கரையில் கொண்டுபோய் நட்டேன். அங்கே நன்றாகவே வளர்கிறது.

ஓட்டுக் கூரை

ஓட்டின் மேல் நேராகக் கால் வைக்காதீர்கள். அகலமான பலகையை, ஓட்டைத் தாங்கும் மரச் சட்டமான ரீப்பரின் குறுக்கே போட்டு, அதில் ஏறுங்கள். பாசி பிடித்த ஓடு காலையில் எண்ணெய் தடவியதுபோல் வழுக்கும். கீழே ஆள் இல்லாமல் ஏறவே வேண்டாம்.

மங்களூர் ஓடு என்னும் சீமை ஓட்டில் நமக்கு வரும் தலைவலி தனி. பாசல் மிஷன் என்ற கிறிஸ்தவ மிஷனரி அமைப்பினர் 1865இல் மங்களூரில் முதல் தொழிற்சாலை தொடங்கிய பிறகு எத்தனையோ கம்பெனிகள் இந்த ஓட்டைப் போட்டன. பார்க்க எல்லாம் ஒன்றுபோல் இருக்கும், ஆனால் ஒன்றின் காடி இன்னொன்றில் சரியாக உட்காராது. ஒரு சுண்டுவிரல் இடைவெளி போதும், ஐப்பசிக்கு. ஓட்டின் முதுகில் கம்பெனி முத்திரை இருக்கும். உடைந்த துண்டை எடுத்துக்கொண்டு, பழைய வீடு பிரிக்கும் சாமான்கள் விற்கும் இடத்துக்குப் போய், அதே முத்திரையாகத் தேடி வாங்குங்கள். தேவைக்கு மேல் இருபது முப்பது சேர்த்து வாங்கிக் கொல்லையில் அடுக்கிவிடுங்கள். நாட்டு ஓடு என்றால் வருடம் ஒருமுறை பிரித்து அடுக்குவது தப்பாது. பூனையும் அணிலும் போதாதென்று கோயில் ஊர்களில் குரங்கு வேறு. அடுக்கும்போது பனைமரச் சட்டமான பனங்கையும் ரீப்பரும் கரையான் தின்னாமல் இருக்கிறதா என்று தட்டிப் பாருங்கள். ஓட்டுக்கடியில் பாம்பு இருக்கும் என்பதைப் பயமுறுத்தச் சொல்லவில்லை, நான் கையை விட்ட இடத்தில் இருந்தது சட்டை மட்டும்தான்.

பின்னால் யாரோ இறக்கிய ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் இருந்தால் அதை நீங்கள் அறுக்கவோ துளைக்கவோ உடைக்கவோ வேண்டாம். அந்தத் தூசி நுரையீரலுக்குள் போனால் வெளியே வராது.

விரிசலோடு ஒரு வருடம் பேச வேண்டும்

டெல்டாவின் களிமண் கோடையில் சுருங்கும், மழையில் உப்பும். வயலில் பங்குனி வெடிப்பைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டாம். வீடும் அந்த மண்ணின்மேல்தான் நிற்கிறது. வைகாசியில் வாய் திறக்கும் விரிசல் மார்கழியில் தானே மூடும். திறந்திருக்கும்போது சிமெண்டை அடைத்தால், மூட வரும்போது இடமில்லாமல் பக்கத்தில் புதிதாக விரியும்.

விரிசலின் இரண்டு முனையிலும் பென்சிலால் கோடு, தேதி. குறுக்கே சின்னக் கண்ணாடித் துண்டு ஒன்றைச் சுவரில் கெட்டியாக ஒட்டுங்கள். மழைக்காலமும் கோடையும் தாண்டிய பிறகும் கண்ணாடி உடையாமல், கோடு தாண்டாமல் இருந்தால் சுண்ணாம்பால் அடைக்கலாம். கண்ணாடி உடைந்து, விரிசல் படிக்கட்டுபோல் செங்கல் வரிசையில் குறுக்காக ஏறி, மேலே போகப் போக அகலமானால் அஸ்திவாரம் இறங்குகிறது. அது உங்கள் கரண்டிக்கு அடங்காது.

குழாய்: என் வாஷர் கதையின் மிச்சம்

முதலில் மெயின் வால்வு மூடுகிறதா என்று பாருங்கள். மூடவில்லையென்றால் முதலில் வால்வைத்தான் மாற்ற வேண்டும். பழைய குழாயைத் திருப்பும்போது இரண்டு ஸ்பேனர் வேண்டும், ஒன்று சுவர்ப்பக்கப் பைப்பைப் பிடிக்க, ஒன்று திருப்ப. முந்தின ராத்திரி இணைப்பில் துரு நீக்கும் எண்ணெய் விட்டு ஊறவையுங்கள். நாற்பது ஐம்பது வருட ஜிஐ பைப்பை உடைத்துப் பார்த்தால் உள்ளே துரு அடைத்துப் பென்சில் நுழையும் அளவுக்குத்தான் வழி இருக்கும். அதை ஒட்டுப்போட்டு என்ன பயன்? சுவருக்குள் இருப்பதை அப்படியே அநாதையாக விட்டுவிட்டு, வெளியே தெரியும்படி புதிதாக சிபிவிசி பிளாஸ்டிக் பைப் ஓட்டினேன். அழகில்லைதான். ஆனால் அடுத்த முறை உடைந்தால் சுவரைக் கொத்த வேண்டாம்.

கடைக்குப் போகும்போது உடைந்ததைக் கையோடு எடுத்துப் போங்கள். “அரை இஞ்ச்தான்” என்று மனக்கணக்கில் வாங்கிய சாமானுக்காகக் குத்தாலத்துக்கும் மயிலாடுதுறைக்கும் ஒரே நாளில் நாலு நடை போனேன். எப்படியும் அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமையாக இருக்கும், பாதிக் கடை மூடியிருக்கும்.

கதவு, தரை

மழைக்காலத்தில் கதவு நிலையில் இடிக்கிறது என்று இழைப்புளியை எடுக்காதீர்கள். ஐப்பசியில் இழைத்தால் சித்திரையில் விரல் நுழையும் சந்து. தை கழித்தும் இடித்தால் இழைக்கலாம். அதற்கு முன் கீலைப் பாருங்கள், ஸ்குரூ தளர்ந்து கதவு தொங்கியிருக்கும். ஸ்குரூ ஓட்டையில் ஃபெவிகால் தடவிய மூங்கில் சீவலை இறுக்கி, காய்ந்ததும் பழைய ஸ்குரூவையே போட்டால் பிடிக்கும். துருவேறிய ஸ்குரூ என்றால் தலையிலிருக்கும் பெயிண்டைச் சுரண்டி, முதலில் இலேசாக இறுக்கிவிட்டுப் பிறகு கழற்றுங்கள். பழைய பெயிண்டைச் சுரண்டும்போது நனைத்துத் தேயுங்கள், முகத்தில் மாஸ்க் வேண்டும். இங்கே வீட்டுப் பெயிண்டில் ஈயத்துக்கு 90 பிபிஎம் (பத்து லட்சத்தில் 90 பங்கு) என்ற உச்சவரம்பு அமலுக்கு வந்ததே 2017 நவம்பரில்தான், அப்பாயி காலத்துப் பச்சைப் பெயிண்டில் எவ்வளவு இருந்திருக்குமோ.

சிவப்பு ஆக்சைடு தரையில் ஆசிட் ஊற்றாதீர்கள். விரிசலை நிரப்பினால் நிறம் ஒருநாளும் சேராது, எத்தனை முறை கலந்து பார்த்தாலும். கழுவிக் காயவைத்துத் துளித் தேங்காயெண்ணெயால் துடையுங்கள். விரிசல் இருந்துவிட்டுப் போகட்டும்.

எப்போது, யாரை வைத்து

மாசியிலிருந்து வைகாசி வரைதான் வேலைக்காலம். சுவர் காய்ந்திருக்கும், சம்பா அறுப்பு முடிந்து ஆளும் கிடைக்கும். நடவு நேரத்தில் சித்தாள் தேடினால் ஊரே வயலில் இருக்கும். ஆசாரி நாளை வருகிறேன் என்றால் அஷ்டமி, நவமி, கரிநாள், காதுகுத்து எல்லாம் கழித்துக் கணக்குப் போடுங்கள். நீங்களே செய்யும் வேலைக்கும் ஒரு நாள் என்று தோன்றினால் மூன்று நாள் வையுங்கள். ஒரு சுவரைத் தொடங்கினால் அதை முடிக்காமல் அடுத்ததைக் கொத்தாதீர்கள். ஒரு கட்டத்தில் எங்கள் வீட்டில் சாப்பிட உட்கார இடமில்லாமல் திண்ணையில் தட்டை வைத்துக்கொண்டு, போகிறவர் வருகிறவருக்கெல்லாம் என்ன குழம்பு என்று பதில் சொல்லிக்கொண்டிருந்தோம்.

வெள்ளையடிப்பது எல்லாவற்றுக்கும் கடைசி. எமல்ஷன் வேண்டாம், சுண்ணாம்பு. துணியில் வடிகட்டி, வஜ்ஜிரமோ வேறு பசையோ கொஞ்சம் சேர்த்து, மஞ்சளடிக்காமல் இருக்கத் துளி நீலம் போட்டு, பால்போல் நீர்க்கக் கரைத்து மூன்று கை. கெட்டியாக அடித்தால் சட்டையில் ஒட்டும். அடிக்கும்போது ஒன்றுமே அடிக்காததுபோல் இருக்கும், பயந்து இன்னொரு கை அடித்துவிடாதீர்கள், காய்ந்தால்தான் வெள்ளை எழும்.

கூடத்தில் வடக்குச் சுவரின் ஒரு முழ அகலத்துக்கு மட்டும் நான் வெள்ளையடிக்கவில்லை. அங்கே சாக்பீஸ் கோடுகள் இருக்கின்றன. முதல் வருடக் கார்த்திகைக் கோடு என் மார்பளவு. போன கார்த்திகையில் முழங்காலுக்கு ஒரு சாண் மேலே. இந்த வருடத்துக் கோட்டை இன்னும் போடவில்லை, வாய்க்காலில் இப்போதுதான் தண்ணீர் வந்திருக்கிறது.